மொட்டையடிக்கப்பட்ட 11 மரங்கள்: ஓர் அடுக்ககத்தின் மூன்றாண்டுக் கவாத்து

பின்னணி

தென்சென்னைப் புறநகரில் 4 தொகுதிகளும் 132 வீடுகளும் கொண்ட ஓர் அடுக்ககம். 2005இல் மக்கள் குடிவந்த ஆண்டே மரங்களையும் நட்டிருக்கிறார்கள். உள்சாலையின் இருபுறமும் இயல்வாகை 11, வாகன நிறுத்தத்தின் ஓரமாகக் குல்மோகர் 5, பிள்ளையார் மேடைக்கு அருகில் சரக்கொன்றை 2. சுற்றுச்சுவரை ஒட்டிச் சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு இட்லிப்பூ வேலி, நுழைவாயில் வளைவின் மேல் காகிதப்பூக் கொடி.

அங்கே குடியிருப்பவர்கள் மூன்று வகை மரங்களையும் 'கொன்றை' என்றே அழைக்கிறார்கள். சங்கப் பாட்டில் வருகிற, சிவன் தலையில் சூடுகிற கொன்றை, சரக்கொன்றை ஒன்றுதான். இயல்வாகையின் சொந்த நிலம் தென்கிழக்காசியாவும் இலங்கையும். குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. வளரும் வேகம், மரத்தின் உறுதி, பூக்கும் விதம் எல்லாமே மூன்றுக்கும் வேறு வேறு. பெயர் ஒன்றாக இருந்ததால் வெட்டும் ஒன்றாகவே இருந்தது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது இங்கே 2 குல்மோகர்கள் வேரோடு சாய்ந்தன, ஒன்று சுற்றுச்சுவரின் மேல். அன்றிலிருந்து உயரமான மரம் என்றாலே குடியிருப்போர் சங்கத்தாருக்குப் பயம். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குழந்தைகள் விளையாடும் இடத்தில் மரம் விழுவதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

2019 கோடையில் நகரத்தின் ஏரிகள் வறண்டன. அடுக்ககம் முழுவதும் லாரித் தண்ணீரில் ஓடியது. மரங்களுக்குச் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. செப்டம்பரில், மழைக்கு முன்னால் மரங்களைக் குறைத்துவிடலாம் என்று சங்கம் தீர்மானித்தது. ஒரு காண்ட்ராக்டர் கூலியே வேண்டாம், விறகை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை. 12 மீட்டர் உயரம் இருந்த 11 இயல்வாகைகளும் 5 மீட்டருக்கு வந்தன. மரத்துக்கு மூன்று நான்கு முண்டுக்கட்டைகள், ஒவ்வொன்றும் தொடைப் பருமன். ஓர் இலைகூட மிச்சமில்லை. மூன்று குல்மோகர்களுக்கும் இதே கதி. சரக்கொன்றைகள் கோயில் மேடைக்குப் பக்கத்தில் இருந்ததால் தப்பின.

நான் அப்போது அங்கே இல்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருந்த படங்களைப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

மூன்றாண்டுக்குப் பின் நடந்தது

2020 தொடக்கத்திலேயே கட்டைகளின் வாயிலிருந்து போத்துகள், அதாவது வெட்டுக்குப் பின் முளைக்கும் புதுக்கிளைகள், கத்தை கத்தையாகக் கிளம்பின. மரம் முன்னைவிட அடர்த்தியாக வந்துவிட்டது என்று குழுவில் படம் போட்டு மகிழ்ந்திருக்கிறார்கள். 2022 முடிவில் அந்தப் போத்துகள் 5, 6 மீட்டர் நீளம் வளர்ந்து, மரம் ஏறக்குறைய பழைய உயரத்தையே தொட்டுவிட்டது. உயரம் குறைய வேண்டும் என்று வெட்டிய மரம் அது.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் உள்சாலையில் 7 கிளைகள் கிடந்தன. 3 கார்களும் வாகன நிறுத்தத் தகரக் கூரையில் ஒரு பகுதியும் சேதம். நல்ல வேளையாக ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விழுந்த ஏழும் 2019 வெட்டின் வாயிலிருந்து முளைத்தவை. ஒவ்வொன்றும் அடியில் ஓட்டைப் பிரித்தெடுத்ததுபோல் கழன்றிருந்தது. நடுவில் ஒடிந்தது ஒன்றுகூட இல்லை.

2023 ஜனவரியில் சங்கம் மறுபடி கூடியது. அதே காண்ட்ராக்டரை அழைத்து, இந்த முறை 4 மீட்டருக்கு வெட்டலாம் என்பது யோசனை. ஓர் உறுப்பினர் மட்டும், வெட்டிய மரங்களில்தானே கிளை விழுந்தது, வெட்டாத சரக்கொன்றையில் ஏன் விழவில்லை என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் என்னை அழைத்தார்கள்.

நேரில் கண்டவை

மூன்று நாள் காலைகளில் மரம் மரமாகப் பார்த்தேன். கூடவே வந்தவர் அங்கே 2009 முதல் வேலை செய்கிற தோட்டக்காரர். திண்டிவனம் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்குகிறார். முதல் மரத்தடியிலேயே அவர் சொன்னார்: "கட்டையா வெட்டினா கத்தையா வரும்னு அன்னைக்கே சொன்னேம்மா. யாரு கேட்டாங்க?"

அவர் சொன்னதற்குக் காரணம் இதுதான். கிளையின் நுனிக்குருத்து ஆக்சின் என்ற சுரப்பைக் கீழே அனுப்பி, பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி போய்விட்டால் அடக்க ஆள் இல்லை. எல்லா மொட்டும் ஒரே நேரத்தில் விழிக்கும். இலையே இல்லாத மரத்துக்கு அடுப்படி இல்லாத வீட்டின் நிலைமை. சேர்த்து வைத்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்தாவது இலையை உண்டாக்கப் பார்க்கும். அந்த வேகம் செழிப்பில்லை, பசி. அதுவும் ஒரு வறட்சிக் கோடை முடிந்த கையோடு.

ஒரு கட்டையின் வாயில் மட்டும் 23 போத்துகளை எண்ணினேன். மற்றவற்றில் 14க்குக் குறையவில்லை. இயல்பாக வளரும் கிளையின் அடிமரம் ஆண்டுக்கு ஆண்டு தாய்மரத்தின் வளையங்களோடு பின்னிக்கொண்டே போகும். வெட்டுக்குப் பின் முளைத்த போத்துக்கு அந்த வேர்ப்பிடிப்பு இல்லை. வெளிப்புறத்தின் கடைசி மூன்று வளையங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 23 பேர் நெருக்கியடித்து நிற்பதால் ஒன்றின் அடி இன்னொன்றை நெம்புகிறது. இவற்றின் மேல் 6 மீட்டர் நீளமும் அத்தனை இலையும் ஏறினால் காற்றுக்கு வேலை சுலபம்.

கட்டைகளுக்குள்ளேயும் பார்த்தேன். மரச்சுத்தியால் தட்டியபோது 9 கட்டைகள் வெற்றுப் பானைபோல் ஒலித்தன. மெல்லிய இரும்புக் கம்பியை வெட்டுவாயில் அழுத்தினால் சிலவற்றில் ஒரு சாண் உள்ளே போனது.

தாவர நோயியல் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ, அமெரிக்க வனத்துறையில் இருந்தபோது மரங்களை நெடுக்காக அறுத்து அறுத்துப் பார்த்து 1977இல் விளக்கியது இங்கே கண்முன் இருந்தது. நம் தோல் கிழிந்தால் அதே இடத்தில் புதுத் தோல் வருகிறது. மரத்துக்கு அது முடியாது. காயம் பட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, உள்ளே அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, அதன் மேல் புது மரத்தை வளர்த்துக்கொண்டு போகும். அந்தச் சுவரை எழுப்ப மரத்துக்குத் தோதான இடம் ஒன்று உண்டு. கிளை தாய்மரத்தில் சேரும் இடத்தில் சற்றே புடைத்த வளையம். தோட்டக்காரர் அதை 'மரத்தோட தோள்' என்றார். அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை, இங்கேயும் அதையே எழுதுகிறேன். தோளுக்கு வெளியே ஒட்டினாற்போல் வெட்டினால் மரம் மூடிக்கொள்ளும். தோளையே சீவினால் காயம் தாய்மரத்துக்குள் போகும். தோளிலிருந்து ஒரு முழம் தள்ளி, நடுக்கிளையில் வெட்டினால் அந்த முழம் அளவும் செத்து, அழுகலுக்கு வழியாகும். 2019இல் வெட்டிய எல்லாமே மூன்றாவது வகை.

குல்மோகரில் இரண்டு தேறின. மூன்றாவதன் அடிமரத்தில், மண்ணை ஒட்டி, செம்பழுப்பில் பளபளக்கும் தட்டுக்காளான் இருந்தது. கானோடெர்மா. வெளியே காளான் தெரிகிறதென்றால் உள்ளே வேரும் அடிமரமும் நெடுநாளாக அழுகிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அது சறுக்குமரத்துக்கு 4 மீட்டர் தூரத்தில் நின்றது.

சரக்கொன்றைகளில் காய்ந்த வாதுகளும் ஒன்றோடொன்று உரசும் சில கிளைகளும் இருந்தன. வேறு குறையில்லை.

இட்லிப்பூ வேலியில் பூவே இல்லை. வெள்ளிக்கிழமை பூசைக்குப் பூ பறிக்கலாம் என்று ஆசையாக நட்டது, ஐந்தாறு ஆண்டுகளாகப் பூக்கவில்லை என்று ஒரு மூதாட்டி வருத்தப்பட்டார். உரம் போதவில்லை என்று மாறி மாறி உரம் போட்டிருக்கிறார்கள். வேலியை விலக்கி உள்ளே கையை விட்டபோதே விடை தெரிந்தது. வெளியே நான்கு விரல் கனத்துக்கு இலை, உள்ளே வெறும் குச்சி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இயந்திரக் கத்தரியால் சீவிச் சீவிச் சுவர்போல் வைத்திருந்தார்கள். இட்லிப்பூ தளிரின் நுனியில்தான் கொத்து வைக்கும். தளிர் முற்றி மொட்டுக் கட்டுவதற்குள் நுனி போய்விடுகிறது. செடி பூக்கத் தயாராகத்தான் இருந்தது, ஒவ்வொரு மாதமும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு ரம்பத்தைப் பற்றியதல்ல, கூலியைப் பற்றியது. விறகைக் கூலியாகப் பெறுகிறவருக்குப் பருத்த கிளையே வருமானம். மரத்துக்கோ பருத்த கிளையை இழப்பதுதான் பெரிய காயம். இந்த ஏற்பாடு இருக்கும்வரை எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் பயன் இருக்காது. காண்ட்ராக்டர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அப்படி ஓர் ஒப்பந்தத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வேறெதை எதிர்பார்க்க முடியும்? எனவே நாள்கூலி, வெட்டிய மரம் சங்கத்துக்கே என்று எழுதினோம். மணிக்கட்டைவிடப் பருத்த கிளை எதையும் நான் பக்கத்தில் நின்று சுண்ணாம்பால் கோடு போடாமல் தொடக்கூடாது என்று ஒரு வரியையும் சேர்த்தோம். ஏறுகிறவருக்கு இடுப்புவாரும் கயிறும் கட்டாயம். 2019 படங்களில் ஒருவர் ரப்பர் செருப்போடு, ஒரு கையில் அரிவாளோடு 8 மீட்டர் உயரத்தில் நிற்கிறார். அதைப் பார்த்துவிட்டு இந்த வரியை விட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, இயல்வாகைகளை மறுபடி மொட்டையடிக்காமல் மூன்று ஆண்டுகளில் மீட்பது. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் கூட்டத்தில் நியாயமாகவே கேட்டார்: "உயரம் குறைஞ்சா காத்து பிடிக்காதில்ல மேடம்?" குறைந்த நாளில் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த நிலை ஓராண்டுகூட நிற்பதில்லை. அதற்குப்பின் வருவது அதே உயரம், பிடிப்பில்லாத கிளைகளோடு. மாண்டஸில் கழன்ற ஒரு போத்தின் அடியை அறுத்துக் கொண்டுபோயிருந்தேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவர் மேலே பேசவில்லை. பிறகு வேலை நடந்த நாட்களில் தினமும் வந்து நின்றவரும் அவரே.

எல்லாப் போத்தையும் ஒரே ஆண்டில் களைந்தால் மறுபடி பசி, மறுபடி கத்தை. ஆகவே ஒரு கட்டைக்கு நல்ல பிடிப்பும் வெளிநோக்கிய வாக்கும் உள்ள இரண்டு அல்லது மூன்று போத்துகளை எதிர்காலக் கிளைகளாகத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதலாண்டில் அடியோடு எடுப்பது. இன்னொரு பங்கை நுனி குறைத்து அடக்கி வைப்பது. மீதியைத் தொடாமல் விடுவது. எந்த மரத்திலும் ஒரே ஆண்டில் இலைத்திரளில் கால் பங்குக்கு மேல் எடுப்பதில்லை. நீளம் குறைக்க வேண்டிய இடத்தில், வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது பருமன் உள்ள பக்கக்கிளை பிரியும் கணுவில் வெட்டுவது. அதைவிட மெலிந்த பக்கக்கிளையால் அந்தக் கிளைக்குத் தலைமை ஏற்க முடியாது.

மூன்றாவது, காளான் கண்ட குல்மோகரை முழுதாக எடுப்பது. மரத்தை நேசிக்கிறவர்கள் இந்த இடத்தில் தயங்குவார்கள், நானும் ஒருநாள் தயங்கினேன். கவாத்தால் சரிசெய்யக்கூடிய நோய் அல்ல அது. பக்கத்தில் குழந்தைகள்.

நான்காவது, வெட்டுவாயில் தாரோ பெயின்டோ பூசுவதில்லை. சங்கத்தில் பலருக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை, காயத்துக்கு மருந்து போடாமல் விடுவதா என்று. பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை. வெயிலில் வெடித்து, வெடிப்புக்குள் மழைநீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சரியான இடத்தில் வெட்டிய வாய்க்கு மரமே மருந்து.

வேலிக்கு: இயந்திரத்தை நிறுத்துவது. கைக்கத்தரியால் முதிர்ந்த குச்சிகளில் மூன்றில் ஒன்றை உள்ளே கணுவரை வெட்டி வெளிச்சம் விடுவது. மேலே குறுகி அடியில் அகன்ற வடிவத்துக்குக் கொண்டுவருவது, ஏனெனில் மேல் அகன்றால் அடிப்பகுதிக்கு வெயில் கிடைக்காமல் மொட்டையாகும். பூத்து முடிந்த கொத்தை மட்டும் அவ்வப்போது கிள்ளுவது.

காகிதப்பூவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது புதுத் தளிரில் பூக்கும். ஒரு பூப்பு முடிந்த கையோடு குறைத்தால் அடுத்ததற்குத் தளிர் தயார். மொட்டு வைத்த நேரம் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார்கள், நாளை மாற்றியதோடு சரியாயிற்று.

முதல் ஆண்டு: 2023

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் ஏறுவதற்கு முன்னான தை, மாசியைத் தேர்ந்தெடுத்தோம். செப்டம்பரில் வெட்டினால் காயம் காய்வதற்குள் அடைமழை, கூடவே இளந்தளிரோடு புயல் மாதத்தில் நுழைய வேண்டும். சித்திரையில் வெட்டினால் இதுவரை நிழலில் இருந்த பட்டை கத்திரி வெயிலில் வெந்து வெடிக்கும்.

பருத்த கிளைகளுக்கு மூன்று வெட்டு. முதலில் தாய்மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு ஆழம். அடுத்தது அதற்குச் சற்று வெளியே மேலிருந்து, கிளை ஒடிந்து விழும்வரை. பாரம் போனபின் மூன்றாவதாகத் தோளை ஒட்டி இறுதி வெட்டு. அடிவெட்டு போடாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால், கிளை விழும்போது பட்டையைத் தாய்மரத்தில் இரண்டு முழத்துக்கு உரித்துக்கொண்டு போகும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, நீக்கப் போகிற குல்மோகரில் இரண்டு விதமாகவும் அறுத்துக் காட்டினேன். அதற்குப்பின் ஏறுகிறவர்களில் இளையவர் அடிவெட்டு இல்லாமல் ரம்பத்தை வைத்ததே இல்லை.

இரண்டு தவறுகள் நேர்ந்தன.

முதலாவது, 4ஆம் நாள் நான் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். அதற்குள் இரண்டு இயல்வாகைகளில் உட்பக்கத்து வாதுகளையெல்லாம் துடைத்து, நுனியில் மட்டும் தழையை விட்டிருந்தார்கள். ஒவ்வொரு கிளையும் நட்டுவைத்த துடைப்பம்போல் இருந்தது. பார்வைக்குச் சுத்தம். ஆனால் பாரம் முழுவதும் நுனிக்குப் போய்விட்டதால் காற்றில் கிளை முன்பைவிட அதிகமாக ஆடும். மணிக்கட்டுப் பருமன் என்று நான் எழுதிய வரி மெல்லிய வாதுகளைக் காக்கவில்லை. வரியை எழுதியவள் நான், ஆகவே தவறு என்னுடையது.

இரண்டாவது இன்னும் நேரடியாக என்னுடையது. இலையுதிர்ந்து அமைப்பு தெளிவாகத் தெரிகிறதே என்று மாசியிலேயே சரக்கொன்றைகளையும் கவாத்து செய்தேன். காய்ந்ததை மட்டும் எடுக்கப் போனவள், உரசும் கிளைகளையும் நீண்ட கொப்புகளையும் சேர்த்து எடுத்தேன். சித்திரையில் சரம் சரமாகத் தொங்க வேண்டிய பூவெல்லாம் அந்தக் கொப்புகளில்தான் வர வேண்டியிருந்தது. அந்த ஆண்டு இரண்டு மரத்திலும் சேர்த்து ஏழெட்டுச் சரங்களே தொங்கின. புத்தாண்டுக்குப் பூ பறிக்க வந்த குழந்தைகள் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்தேன். சரக்கொன்றையைப் பூ முடிந்தபின், ஆடி வாக்கில் தொட்டிருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததும் இல்லை. ஆட்களும் ஏணியும் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்ற வசதிதான் முடிவெடுத்தது.

வேலியில் ஒரு சிறு குறுக்கீடு. ஏப்ரலில் அடுத்த பகுதியைத் தொடங்கியபோது தோட்டக்காரர் கொண்டைக்குருவிக் கூட்டைக் கண்டார், உள்ளே மூன்று முட்டைகள். இருபுறமும் ஒரு மீட்டர் விட்டுவிட்டு நான்கு வாரம் காத்திருந்தோம். கூடு காலியானபின் வெட்டினோம்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் மழை. உள்சாலையில் முழங்கால் அளவு நீர் இரண்டு நாள் நின்றது. விழுந்தவை 2 போத்துகள், இரண்டும் துடைப்பமாக்கப்பட்ட மரங்களிலிருந்து.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள்

2024 தையில் அடக்கி வைத்த போத்துகளில் பெரும்பகுதியை எடுத்தோம். தேர்ந்தெடுத்து விட்ட கிளைகள் இதற்குள் அடியில் பருத்து, புதுத் தோள் திரளத் தொடங்கியிருந்தது. அழுகிய 9 கட்டைகளில் 5ஐ, நல்ல மரம் வரும் கணுவரை பின்னோக்கி வெட்ட முடிந்தது. மீதி 4இல் அழுகல் தாய்மரத்தைத் தொட்டுவிட்டது. அந்தக் கட்டைகளின் மேல் நீண்ட கிளை எதையும் விடுவதில்லை, ஆண்டுதோறும் குட்டையாக வைத்துக் கண்காணிப்பது என்று முடிவு செய்தோம். துடைப்பமான இரண்டு மரங்களிலும் உட்பக்கம் வந்த புதுத் தளிர்களை ஒன்றுகூடத் தொடாமல் விட்டோம். நுனியில் மட்டும் பாரம் குறைத்தோம்.

அந்த ஆண்டு சரக்கொன்றைப் பக்கம் நான் போகவில்லை. சித்திரையில் இரண்டும் இலை தெரியாமல் பூத்தன. ஆடியில் காய்ந்த வாது எடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

இட்லிப்பூ வேலியில் முதல் கொத்து, இயந்திரத்தை நிறுத்திய ஏழாவது மாதம், 2023 செப்டம்பரில் வந்தது. 2024 கோடையில் வேலி நீளத்துக்கும் சிவப்பு. பழைய சுவர் வடிவம் போனது சிலருக்குப் பிடிக்கவில்லை, காடுமாதிரி இருக்கிறது என்று கூட்டத்தில் சொன்னார்கள். நுழைவாயிலை ஒட்டிய 6 மீட்டரை மட்டும் பழையபடி சீவி வைக்க ஒப்புக்கொண்டேன். அந்த 6 மீட்டரில் இன்றுவரை பூ இல்லை. யாரும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இங்கே பலத்த காற்று. விழுந்தது ஒரே ஒரு கிளை, கட்டைவிரல் பருமன்.

2025 தையில் மூன்றாம் சுற்று. 11 இயல்வாகைகளில் 7க்கு இனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்ற நிலை வந்திருக்கிறது. குல்மோகர் இரண்டில் ஒன்றில் இரு கொப்புகள் ஒடுங்கிய கவையாகப் பிரிகின்றன, இடையில் பட்டை சிக்கியிருக்கிறது. ஒன்றைக் குறைத்து மற்றதைத் தலைமையாக்கும் வேலை பாதியில் இருக்கிறது.

செலவு பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2019 வெட்டு இலவசம். முதல் ஆண்டுக் கவாத்துக்கு ஆட்கூலி, கயிறு, இடுப்புவார், மரம் நீக்கம் எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய். இரண்டாம் ஆண்டு 31,000. மூன்றாம் ஆண்டு 24,000. மாண்டஸ் இரவில் கூரைக்கு மட்டும் சங்கம் கொடுத்தது 85,000. கார்களின் கணக்கு தனி.

மறுபடி செய்தால் மாற்றிக்கொள்வது

ஒப்பந்தத்தில் பருமனை மட்டும் எழுதமாட்டேன். உட்பக்கத்து வாதுகளைத் துடைக்கக்கூடாது என்பதையும், மரத்துக்கு மரம் எவ்வளவு தழை எடுக்கலாம் என்பதையும் எழுதுவேன். நான் வராமல் ஏணி சாற்றக்கூடாது என்பதும் அதில் இருக்கும்.

எல்லா மரத்துக்கும் ஒரே தேதி வைக்கமாட்டேன். தையில் இயல்வாகை, ஆடியில் சரக்கொன்றை, பூப்பு முடிந்த கையோடு காகிதப்பூ என்று பிரித்தால் ஆட்களை மூன்று முறை அழைக்க வேண்டும், கூலி கூடும். அந்தக் கூடுதலை முதலிலேயே கூட்டத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

சுற்றுச்சுவருக்கு வெளியே, தெருவில் நிற்கும் புங்கன் ஒன்று மின்கம்பியைத் தொடுகிறது. அது மாநகராட்சியின் மரம் என்பதால் நாங்கள் தொடவில்லை. ஆனால் முதல் மாதமே எழுதிக் கொடுத்திருக்கலாம். இரண்டாம் ஆண்டில்தான் கொடுத்தோம்.

தோட்டக்காரரை முதல் நாளிலிருந்தே பொறுப்பாளராக்கியிருக்க வேண்டும். 2019இல் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர். என் முதலாண்டு அறிக்கையில் அவர் ஓர் உதவியாள். 2024இலிருந்து மரத்துக்கு ஒரு பக்கம் வீதம் 15 பக்கம் கொண்ட ஒரு நோட்டு அவரிடம் இருக்கிறது. எந்தக் கிளை, எந்தத் தேதி, எதற்காக என்று மூன்று கட்டம். காரணக் கட்டம் காலியாக இருந்தால் அந்தக் கிளையை வெட்டுவதில்லை. இந்தத் தையில் நான் கோடு போட்ட இரண்டு கிளைகளுக்கு நேராக அவர் எதுவும் எழுதவில்லை. "எதுக்குன்னு சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்" என்றார். ஒன்றுக்குச் சொன்னேன். இன்னொன்று மரத்திலேயே இருக்கிறது.